காருக்குப் புதிய பேட்டரி வாங்குமுன்...



மோட்டார் கார் என்பது செல்வந்தர் வீட்டு வாசலில் மட்டுமே நின்றிருந்த காலம் மலையேறிவிட்டது. இன்று நடுத்தரக் குடும்பங்கள் பலவும், புதிதாகவோ பழையதாகவோ, ஒரு சிறிய காரை வாங்கி வைத்திருக்கின்றன. நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணையோ, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துடிக்கும் முதியவரையோ மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டிய வேளையில், சாவியைத் திருப்பியதும் 'டக் டக்' என்ற ஓசையோடு வண்டி அடங்கிவிடுமானால் அக்குடும்பத்தின் நிலை என்னவாகும்? சற்றே சிந்தித்துப் பாருங்கள்.

இத்தகைய அதிர்ச்சிக்குப் பின்னர் அவசர அவசரமாகக் கடைக்கு ஓடி, கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கி வருவோரே நம்மில் மிகுதி. பேட்டரியோ பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள பொருள். விலையைப் பார்த்து அன்று, வண்டியின் தேவையைப் பார்த்தே அதனைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். அதற்கும் முன்பாக, பழையது உண்மையிலேயே பயனற்றுப் போய்விட்டதா என்பதை உறுதி செய்துகொள்ளுதல் வேண்டும்.

குறை எங்கே இருக்கிறது?

ஈயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் கொண்டு மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய பேட்டரியை 1859-ஆம் ஆண்டில் உருவாக்கியவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் காஸ்டன் பிளான்டே. இன்றும் நம் கார்களில் பெரும்பாலும் இருப்பது அதே வகைதான். ஏறத்தாழ 2 வோல்ட் வீதம் ஆறு அறைகள் சேர்ந்து 12 வோல்ட் பேட்டரி ஆகின்றன.

வண்டியைச் சில மணி நேரம் நிறுத்தி வைத்த பின் அளந்தால், நல்ல நிலையில் முழு மின்னேற்றம் பெற்ற பேட்டரி 12.6 வோல்ட் அளவு காட்டும். 12 வோல்ட் அளவுக்கு இறங்கிவிட்டால் மின்சாரம் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது என்று பொருள். ஆயினும் தீர்ந்துபோவது வேறு; பழுதாகிப் போவது வேறு. உள்விளக்கை இரவு முழுவதும் அணைக்காமல் விட்டதாலும் தீர்ந்திருக்கலாம். முனைகளில் பூத்த வெண்பச்சைப் பொடி மின்சாரத்தைத் தடுத்துக்கொண்டிருக்கலாம். எஞ்சின் ஓடும்போது சுமார் 14 வோல்ட் கிடைக்கவில்லையெனில், மெக்கானிக்குகள் 'டைனமோ' என்று அழைக்கும் ஆல்டர்னேட்டரில் கோளாறு இருக்கலாம். அதனைச் சரிசெய்யாமல் புதிய பேட்டரியைப் பொருத்தினால் அதுவும் சில நாட்களில் படுத்துவிடும்.

ஆகவே, முதலில் முழுமையாகச் சார்ஜ் செய்து, சுமை ஏற்றிச் சோதிக்கும் கருவியால் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அதன் பின்னும் அது தேறவில்லை என்றால் மட்டுமே புதியதை வாங்குங்கள்.

கவனிக்க வேண்டிய நான்கு

முதலாவது, அளவு. பேட்டரி தன் தட்டில் அசையாமல் அமர வேண்டும். தளர்வாக இருந்தால் நம் சாலைகளின் குலுக்கலில் உள்தகடுகள் உடைந்து போகும். பல கார்களின் பேட்டரி மீது 38பி20எல் என்பது போன்ற ஒரு குறியீடு காணப்படும். இதில் 38 என்பது திறனின் தரவரிசை. 'பி' அகல உயரங்களைக் குறிக்கும். 20 என்பது சென்டிமீட்டரில் ஏறத்தாழ நீளம். இறுதியிலுள்ள 'எல்' முனைகள் அமைந்துள்ள பக்கத்தைக் காட்டும். 'எல்' வேண்டிய இடத்தில் 'ஆர்' வாங்கினால் வயர் எட்டாமல் போகலாம். முனைகளை மாற்றி இணைத்துவிட்டால் மின்கருவிகளே கருகிவிடக்கூடும்.

இரண்டாவது, கொள்ளளவு. இது ஆம்பியர்-மணி என்ற அலகில் குறிக்கப்படும். மாருதி ஆல்ட்டோ போன்ற சிறிய பெட்ரோல் கார்களில் 35 ஆம்பியர்-மணி பேட்டரி வழக்கமானது. டீசல் எஞ்சினில் காற்று மிகுதியாக அழுத்தப்படுவதால் அதனைச் சுழற்ற அதிக ஆற்றல் தேவைப்படும்; அதற்கு ஏற்றாற்போல் பேட்டரியும் பெரிதாக இருக்கும். வண்டியின் கையேட்டில் குறித்துள்ள அளவுக்குக் குறைந்ததை, விலை மலிவு என்பதற்காக ஒருபோதும் வாங்காதீர்கள்.

மூன்றாவது, வகை. சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் தானாக அணைந்து மீண்டும் இயங்கும் புதிய கார்களுக்கு, அதற்கென்றே செய்யப்பட்ட ஈஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகை பேட்டரிதான் பொருந்தும். சாதாரண பேட்டரி அந்த உழைப்பைத் தாங்காது.

நான்காவது, தயாரிப்புத் தேதி. கடை அலமாரியில் சும்மா இருக்கும்போதும் பேட்டரி தன் மின்சாரத்தைச் சிறிது சிறிதாக இழந்துகொண்டே இருக்கும். தேதிக் குறியீட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஆறு மாதத்திற்கு மேற்பட்டதாயின் வேறொன்றைக் கேளுங்கள். பழையதற்கு வண்ணம் பூசிப் புதிதுபோல் விற்போரும் உண்டு, எச்சரிக்கை தேவை.

உத்தரவாதத்தின் உட்பொருள்

'36 மாத உத்தரவாதம்' என்றதும், அத்தனை மாதங்களுக்கும் இலவசமாகப் புதியது கிடைக்கும் என்று எண்ணிவிடலாகாது. பெரும்பாலும் முதற்பகுதிக்கு மட்டுமே இலவச மாற்று. எஞ்சிய மாதங்களுக்கு விலையில் ஒரு பங்கு தள்ளுபடி. முன்னது எத்தனை மாதம், பின்னது எத்தனை மாதம் என்று கேட்டறியுங்கள். பேட்டரியின் தொடர் எண்ணும் தேதியும் குறிக்கப்பட்டு, கடை முத்திரையிட்ட அட்டையையும் பில்லையும் பத்திரப்படுத்துங்கள்.

வெப்பமும் ஓய்வும்

பேட்டரிக்குக் கொடிய பகை வெப்பம். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், உள்ளே நிகழும் வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. தேய்மானமும் அதற்கேற்ப விரைகிறது. ஆதலால் எஞ்சின் அருகே பேட்டரிக்கு உறை கொடுக்கப்பட்டிருந்தால் அதனைக் கழற்றி எறியாதீர்கள். நீர் ஊற்றும் வகையாயின், காய்ச்சி வடித்த நீரையன்றிக் குழாய் நீரை ஊற்றாதீர்கள்.

நம் குடும்பங்கள் பலவற்றில் வீட்டுத் தலைவர் வளைகுடா நாடுகளில் இருக்க, கார் மாதக்கணக்கில் கூடாரத்தில் உறங்கிக் கிடக்கும். மின்சாரம் தீர்ந்த நிலையிலேயே நெடுநாள் கிடந்தால் தகடுகளில் உப்புப் படிந்து இறுகிவிடும். வாரம் ஒரு முறை அரைமணி நேரமேனும் ஓட்டச் செய்யுங்கள். இயலாவிடில் எதிர்முனை வயரைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். கழற்றும்போது எதிர்முனை முதலில், பூட்டும்போது அது கடைசியில் என்பது விதி. அருகில் தீயோ பீடி சிகரெட்டோ கூடவே கூடாது. பேட்டரியிலிருந்து வெளிப்படும் ஹைட்ரஜன் எளிதில் வெடிக்கவல்லது.

பழையது எங்கே போகிறது?

பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயமும் ஈயச் சேர்மங்களுமே. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைச் சிதைக்கும் நஞ்சு. இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே அதற்கு இல்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டுத் தலைநகர் டாக்கரின் புறநகரில், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்து வந்த பகுதியில், 2007 நவம்பர் தொடங்கி 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் மாண்டனர் என்ற செய்தி நெஞ்சை உலுக்கவல்லது.

ஆதலின் நூறு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது என்று தெருவில் வரும் பழைய இரும்பு வியாபாரியிடம் பேட்டரியைப் போடாதீர்கள். அவரிடமிருந்து அது திறந்தவெளியில் உடைத்து உருக்கும் கைகளுக்குப் போய்ச் சேரக்கூடும். நம் நாட்டில் 2001-ஆம் ஆண்டின் விதிகளும், அவற்றுக்குப் பதிலாக வந்த 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும், பழையவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது சுமத்தியுள்ளன. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, அதன் மதிப்பைப் பில்லில் கழித்துக்கொள்ளுங்கள்.

அருமை வாசகர்களே! உங்கள் பேட்டரிக்கு மூன்றாண்டுகள் நிறைந்துவிட்டனவா? அது உங்களை நடுவழியில் நிறுத்தும் வரை காத்திராமல், இவ்வாரமே ஒரு முறை பரிசோதித்துவிடுங்கள். கால் மணி நேர வேலைதான்; ஆபத்து வேளையில் அதன் அருமை தெரியும்.