பேரனும் பாட்டனும்: ஒரே நோய், இருவேறு போர்

2020ஆம் ஆண்டிலும் அதனையடுத்த ஆண்டுகளிலும் உலகின் எத்தனையோ இல்லங்கள் ஒரு புதுமையைக் கண்டன. ஒரே வீட்டில், ஒரே வாரத்தில், பாட்டனாரையும் பேரனையும் கொவிட் நோய் பற்றியது. பேரன் இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்து, மூன்றாம் நாள் முற்றத்தில் ஓடி விளையாடினான். பாட்டனாரோ மூச்சுவிட இயலாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். இன்புளுவென்சாக் காய்ச்சலில் முதியோரோடு பச்சிளம் பாலகரும் பெரிதும் வருந்துவதை நாம் அறிவோம். இந்நோய் மட்டும் சிறுவரிடம் இரக்கங் காட்டியது ஏன்?

கிருமிக்கு இரக்கமில்லை. வேற்றுமை நம் உடலிலேயே உள்ளது.

நமது நிர்ப்பீடனத்தை இருவகைப் படைகள் பேணுகின்றன. ஒன்று, பிறவியிலேயே அமைந்த காவற்படை. வந்தவன் யாரென விசாரியாது, அந்நியன் எனக் கண்டதும் தாக்குவது. மற்றது, அனுபவத்தால் தேர்ச்சிபெறும் படை. ஒவ்வொரு கிருமியையும் இனங்கண்டு, அதற்கேற்ற பிறபொருளெதிரிகளை ஆக்கி, அப்பகைவனை நினைவில் வைத்திருப்பது. ஆனால், முற்றிலும் புதிய கிருமியெனில் இப்படை முழுமையாக எழுவதற்கு ஒரு வாரத்துக்கு மேலாகும்.

சிறுவரிடம் வாயிற்காவல் விழிப்பாயுள்ளது. 2021இல் ஜெர்மனியின் பேர்லின் நகர ஆராய்ச்சியாளர், சிறுவர் பெரியவர் ஆகியோரின் மூக்கின் உட்புறக் கலங்களை ஒப்பிட்டனர். கிருமியை உணரும் கருவிகள் சிறுவரின் கலங்களில் நோய் வருமுன்னரே மிகுதியாக இருந்தன. ஆகவே, இன்டர்பெரோன் என்னும் எச்சரிக்கைப் பொருள் விரைந்து சுரக்கிறது, அயற்கலங்கள் கதவடைத்துக்கொள்கின்றன. கிருமி நுரையீரலை அடையுமுன்னரே போர் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

மேலும், எந்தக் கிருமியோடும் இன்னும் பொருதாத புதிய வெண்குழியங்களும் சிறுவரிடமே அதிகம். அவற்றைப் பயிற்றும் தைமசுச் சுரப்பி வயது ஏற ஏறச் சுருங்கிவிடுகிறது. முதியவரிடம் எஞ்சியிருப்போர் பெரும்பாலும் பழைய போர்களை நினைவிற் சுமந்த வீரரே. வாயிலில் தடுக்கப்படாத கிருமி உள்ளே பெருகியபின், காலந்தாழ்த்தி எழும் படை சிலரிடம் மூர்க்கங்கொண்டு, தன் நுரையீரலையே சிதைக்கிறது. அம்மூர்க்கத்தைத் தணிக்கும் டெக்சாமெதசோன் என்னும் மலிவான மருந்து, செயற்கைச் சுவாசம் பெற்ற நோயாளரின் மரணங்களை மூன்றிலொரு பங்கு குறைத்தமை 2020 யூனில் பிரித்தானியாவில் வெளியான ஆய்வொன்றால் தெரியவந்தது.

அங்ஙனமாயின், பிள்ளைகளைப் பற்றிக் கவலையின்றி இருந்துவிடலாமா? கூடாது. விரைந்து முடிந்த போர் ஆழ்ந்த நினைவை விட்டுச்செல்லாமற் போகலாம். 2020இல் நோயுற்றோரை அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் ஆராய்ந்தபோது, பெரியவரில் நூற்றுக்கு 76 பேரிடம் பிறபொருளெதிரிகள் காணப்பட்டன. சிறுவரிலோ 37 பேரிடமே காணப்பட்டன. அன்றியும், நோய் தணிந்து இரண்டு முதல் ஆறு வாரங்களின் பின், மிகச் சில பிள்ளைகளுக்கு உடலெங்கும் அழற்சி தோன்றி இருதயத்தையும் தாக்குவதுண்டு. நீங்காத காய்ச்சல், சிவந்த கண்கள், தோலிற் சிவப்பு, வயிற்றுவலி ஆகியவற்றைக் காணும் பெற்றோர் தாமதியாது வைத்தியரை நாடவேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைகளும், வேறு நோயுள்ள பிள்ளைகளும் தனிக் கவனத்துக்குரியோர்.

யாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. பேரன் எளிதில் வென்ற பகைவன், அவன் மூச்சின் வழியே பாட்டனாரை அடையலாம். பாட்டனாரின் படைக்கு ஒரு புதிய பகைவன்பால் இல்லாதது முன்னறிமுகம். அதனை அபாயமின்றி அளிப்பதற்கே தடுப்பூசி ஏற்பட்டது. பிள்ளைக்குச் சளியும் காய்ச்சலும் கண்ட சில நாட்களுக்கு அவனை முதியோரின் மடியிலிருந்து சற்றே விலக்கி வைப்பது அன்பின்மையன்று. அதுவே அவ்விருவர்பாலும் நாம் காட்டும் அன்பாகும்.