உங்களுக்குத் தெரியுமா? மாளிகைகள் நின்ற முகத்துவாரம்

கொழும்பில் பணக்காரர் பகுதி என்றால் இன்று கறுவாத்தோட்டம்தான். 19ஆம் நூற்றாண்டிலோ அந்த மவுசு வடக்கே முகத்துவாரத்துக்கு! கடலையும் களனி கங்கை அதில் கலப்பதையும் பார்த்தபடி அங்கே மாளிகைகள் நின்றன. குடியேற்ற நாட்டுச் செயலாளர் பிலிப் அன்ஸ்ட்ரதர் மேட்டில் கட்டிய எலி ஹவுஸ் அவற்றில் ஒன்று. அதன் பெயரில் இப்போது அங்கிருப்பது நகரின் குடிநீர்த் தேக்கம். சீட்டாட்டத்தின் பெயரைத் தாங்கிய விஸ்ட் பங்களாவில் வாழ்ந்தவர் சட்ட வல்லுநர் சேர் ரிச்சர்ட் மோர்கன்.

1875இல் துறைமுக அலைதடுப்புக்கு அடிக்கல் நட்டார்கள். கப்பல்களும் நிலக்கரியும் பண்டகசாலைகளும் பெருகப் பெருக, செல்வந்தர்கள் தெற்கே நகர்ந்தார்கள். இன்று அந்தப் பக்கத்தில், ஒருகொடவத்தையில் கொள்கலன் லொறிகளுக்கிடையே மாட்டிக்கொண்டு நிற்பவருக்கு, வடகொழும்பு ஒரு காலத்தில் பணக்காரர் பகுதி என்பதை நம்பக் கஷ்டம்தான். விஸ்ட் பங்களா இன்னும் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் எட்டிப் பாருங்கள்.