அரக்கோணம் டு ஜவ்வாதுமலை: பாலாற்று வழியே ஒரு பைக் பயணம்

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும்... அரக்கோணம் பக்கத்து இளைஞர்கள் பைக்கை முறுக்கிக்கொண்டு ஏலகிரிக்கும் ஜவ்வாதுமலைக்கும் கிளம்பிவிடுகிறார்கள். நெடுஞ்சாலையில் பறந்தால் நாலைந்து மணி நேரத்தில் மலையில் இருக்கலாம். ஆனால், வழியில் எதையும் பார்த்திருக்க முடியாது. ஏரிக்கரைச் சாலைகளிலும் ஊர்ச் சாலைகளிலும் நிதானமாகப் போகிறவர்களுக்கு, 200 கிலோமீட்டருக்குச் சற்று முன்பின்னான இந்தத் தூரத்தில் பாலாற்று விவசாயத்தின் மொத்தக் கதையும் கிடைத்துவிடும். பயணம் ஆற்றின் போக்குக்கு எதிர்த்திசையில் போவதால், கீழே ஏரியில் நிற்கும் தண்ணீர் மேலே என்ன பாடுபட்டு வருகிறது என்பதும் தெரியும்.

முதல் நிறுத்தம் மகேந்திரவாடி. ஒரே பாறையைக் குடைந்து மகேந்திரவர்ம பல்லவன் எடுத்த சிறிய பெருமாள் கோயில், வயல்வெளிக்கு நடுவே தனியாக நிற்கிறது. அதிலுள்ள கல்வெட்டு கோயிலோடு சேர்த்து ‘மகேந்திர தடாகம்’ என்று ஏரியையும் குறிப்பிடுகிறது. அதாவது 1,400 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஏரிப்பாசனம் இருந்திருக்கிறது. இன்றைக்கு இந்த ஏரிக்குத் தண்ணீர் தருவது வாலாஜாபேட்டை அருகே ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்ட பாலாறு அணைக்கட்டு. அங்கிருந்து மகேந்திரவாடி, காவேரிப்பாக்கம், சக்கரமல்லூர், தூசி என நான்கு கால்வாய்கள் பிரிகின்றன. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது, ஆற்றில் தண்ணீரையே பார்த்திராத பிள்ளைகளைத் தோளில் தூக்கிவந்து காட்டினார்கள் ஊர்க்காரர்கள். மற்ற ஆண்டுகளில் பாலத்தின் மேல் போகும்போது கண்ணில் படுவது பெரும்பாலும் மணலும் சீமைக்கருவேலமும்தான்.

ஆற்காடு, வேலூர் தாண்டினால் அணைக்கட்டு வட்டாரம் (இது ஊரின் பெயர், முன்னே சொன்ன அணைக்கட்டு வேறு). இங்கேதான் இலவம்பாடி முள்ளுக் கத்தரி விளைகிறது. காம்பிலும் இலையிலும் முள் இருப்பதால் பறிக்கிறவர் கை பத்திரம். 2023-ல் ‘வேலூர் முள்ளுக் கத்தரிக்காய்’ என்ற பெயரில் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய்தான் என்பதால், காலையில் காயும் மதியம் பிரியாணியும் என்று திட்டமிட்டுக்கொள்கிறவர்கள் விவரமானவர்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி பகுதியை ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள் பலர். நிறுத்திப் பார்க்க வேண்டிய இடம் உண்மையில் இதுதான். பைக் ஓட்டுகிறவர் காலில் போட்டிருக்கும் ஷூவும் கையுறையும் இந்தத் தோலில் தைத்ததாக இருக்கலாம். ஒரு கிலோ தோலைப் பதப்படுத்தி முடிக்க 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், தோல் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்றும் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பில் எழுதியது. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புத் தடவுவார்கள். கழுவும்போது அந்த உப்பு தண்ணீரில் கரைந்துவிடும். பிறகு அதைப் பிரித்தெடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. கிணற்று நீர் உப்புக் கரித்தது, மண் இறுகியது, நெல்லும் கரும்பும் நின்ற இடத்தில் தென்னை மட்டும் மிஞ்சியது. கூடவே, அதே கிராமங்களின் பெண்கள்தான் ஷூ கம்பெனி வேனுக்காகக் காலையில் சாலையோரம் காத்திருக்கிறார்கள். நிலம் போன வீட்டுக்குச் சம்பளம் வருவதும் அங்கிருந்துதான். 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் இந்த வழக்கில் மறுபடியும் தீர்ப்புச் சொன்னது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு இழப்பீடு வழங்கி, அந்தத் தொகையை மாசு செய்தவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்பது உத்தரவு. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையில் 28 ஆண்டுகள்!

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக மலை ஏறினால் காற்றே வேறு. காவலூரில், 1986 முதல் இயங்கும் 93 அங்குலத் தொலைநோக்கி மரங்களுக்கு மேலே வெள்ளைக் குமிழாகத் தெரியும். ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள மலையாளிப் பழங்குடி மக்கள் மானாவாரியாகச் சாமை போடுகிறார்கள். புளி, தேன், நெல்லிக்காயும் உண்டு. சாமையை உமியோடு மூட்டையாக வியாபாரிக்குத் தந்தால் கிடைக்கும் விலை வேறு, அரிசியாக்கி விற்றால் கிடைப்பது வேறு. அந்த வித்தியாசத்தை ஊரிலேயே நிறுத்தத்தான் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்து அரைத்து விற்கும் முயற்சிகள் நடக்கின்றன.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லங்காஸ்டர் என்றொரு பகுதி. அங்கே வாழும் ஆமிஷ் மக்கள் கார் வைத்துக்கொள்வதில்லை. குதிரை வண்டியில் போய், குதிரை பூட்டி உழுகிறார்கள். அதைப் பார்க்கவே ஏராளமானவர்கள் காரிலும் பைக்கிலும் வருகிறார்கள். ஆமிஷ் விவசாயிகள் வீட்டு வாசலிலேயே காய்கறி, ஜாம், ரொட்டி வைத்து விற்கிறார்கள். சில இடங்களில் ஆள்கூட இருப்பதில்லை, உண்டியலில் காசு போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை விற்பனை கிடையாது. முகம் தெரியப் படம் எடுப்பதை அவர்கள் விரும்புவதில்லை. ஜவ்வாதுமலையில் நிலைமை தலைகீழ். கூட்டம் வருவதே ஞாயிற்றுக்கிழமைதான். ஏர் ஓட்டுகிறவரை நிறுத்திச் செல்ஃபி எடுப்பவர்களில் எத்தனை பேர் ஒரு படி சாமை வாங்குகிறார்கள்? தேனையும் சாமையையும் விளைவித்தவர் கையிலேயே வாங்கினால், வருகிறவர்கள் செலவழிப்பதில் ஒரு பங்காவது மலையில் தங்கும்.

அறுவடைக் காலத்தில் சாலையில் தானியமும் கொள்ளுச் செடியும் காயப்போட்டிருப்பார்கள். அதன்மேல் பிரேக் பிடித்தால் வழுக்கிவிடும், வண்டியைச் சுற்றி ஓட்ட வேண்டும். காயப்போடுகிறவர்களும் வளைவுகளைத் தவிர்த்து, ஒரு பாதியையாவது விட்டுவைப்பது நல்லது. இறக்கத்தில் நியூட்ரல் கூடாது, இரண்டாவது கியரில்தான் இறங்க வேண்டும். மலை ஏறும் முன் பெட்ரோலை நிரப்பிக்கொள்ளலாம்.

திரும்பும்போது போளூர் பக்கம் இறங்கி, ஆரணி வழியாக ஆற்காடு வந்தால் மறுபடியும் பாலாற்றுப் பாலம். ஆற்றில் ஓட்டம் இருக்கிற ஆண்டாக இருந்தால், அந்தத் தண்ணீரும் கால்வாய் ஏறி மகேந்திரவாடிக்குத்தான் போய்க்கொண்டிருக்கும்.