எதிரணியின் தோல்வியும் எமது விவாதமும்

இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு பிரிமியர் லீக் உதைபந்தாட்டப் போட்டி ஆரம்பமாகும்போது, குளிர்கால மாதங்களில் திருகோணமலையில் நேரம் இரவு 8.30 ஆகிவிடுகின்றது. அந்த வேளையில் உப்புவெளியிலும் அலஸ்தோட்டத்திலும் நகரத்தின் தேநீர்க் கடைகளிலும் தொலைக்காட்சிக்கு முன்னால் கூடும் இளைஞர்களின் விவாதத்தை ஒரு தடவையேனும் செவிமடுத்தவர்கள் ஓர் உண்மையை அறிவர். அங்கு அதிகம் பேசப்படுவது தமது கழகத்தின் வெற்றியல்ல. எதிர்க் கழகத்தின் தோல்வியே. லிவர்பூல் ரசிகரும் ஆர்சனல் ரசிகரும் வேறெதிலும் உடன்படாவிட்டாலும் மன்செஸ்டர் யுனைட்டட் கழகத்தின் வீழ்ச்சியை அலசுவதில் ஒன்றுபட்டு விடுகின்றனர். முகாமையாளருக்கு ஒன்றும் தெரியாது என்பார் ஒருவர். வீரர்கள் சம்பளத்துக்கு மாத்திரம் ஆடுகின்றார்கள் என்பார் மற்றவர்.

விளையாட்டைப் பற்றிய இந்தப் பேச்சுக்கு ஆசிரியத் தலையங்கம் எதற்கு என்று வாசகர்கள் வினவலாம். ஒரு தோல்விக்கான காரணத்தை எங்கே தேடுவது என்ற கேள்வி விளையாட்டுக்கு மாத்திரம் உரியதன்று என்பதே எமது பதில். கண்ணுக்குத் தெரியும் ஒரு மனிதன் மீது முழுப் பழியையும் சுமத்திவிட்டு, கண்ணுக்குத் தெரியாத காரணங்களைத் தப்பவிடும் பழக்கம் மைதானத்தில் தொடங்கி ஊருக்குள்ளும் வந்துவிடுகின்றது. மன்செஸ்டர் யுனைட்டட்டின் கதை இதற்கு நல்லதொரு பாடம்.

சேர் அலெக்ஸ் பெர்குசன் 1986 நவம்பரில் அக்கழகத்தின் முகாமையாளரானார். 2013 இல் ஓய்வு பெறும்போது 13 லீக் பட்டங்கள் உட்பட 38 கிண்ணங்களை வென்று கொடுத்திருந்தார். அவர் விடைபெற்ற ஆண்டிலும் யுனைட்டட்டே சம்பியன். அதற்குப் பின்னர் நிரந்தர முகாமையாளர்களாக நியமிக்கப்பட்டவர்கள் ஆறு பேர். டேவிட் மோயஸ் ஆறு வருட ஒப்பந்தத்துடன் வந்து பத்து மாதங்களில் வெளியேற்றப்பட்டார். லூயிஸ் வான் கால் 2016 மே மாதத்தில் எப்.ஏ. கிண்ணத்தை வென்ற இரண்டாம் நாளே நீக்கப்பட்டார். ஜோசே மொரின்யோ 2017 இல் ஐரோப்பா லீக் கிண்ணத்தை வென்றும், 2018 டிசெம்பரில் பதவியிழந்தார். ஒலே குன்னார் சொல்ஸ்கியார் 2021 நவம்பரிலும், இரு கிண்ணங்களை வென்ற எரிக் டென் ஹாக் 2024 ஒக்டோபரிலும், ரூபன் அமோரிம் 2026 ஜனவரியிலும் அனுப்பப்பட்டனர்.

இவர்களில் ஒருவர் தகுதியற்றவர் என்றால் நம்பலாம். இருவர் என்றாலும் நம்பலாம். ஆனால், வெவ்வேறு நாடுகளில் வெற்றிகளைக் குவித்துவிட்டு வந்தவர்கள் உட்பட அறுவரும் ஒரே இடத்தில் ஒருவர் பின் ஒருவராகச் சறுக்கி விழும்போது, விழுந்தவர்களைக் குறை கூறுவதை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்ப்பதே அறிவுடைமையாகும்.

தரை எப்படி இருக்கின்றது? 2005 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் இக்கழகத்தை வாங்கியபோது, வாங்குவதற்காகப் பெற்ற கடனின் பெரும் பகுதி கழகத்தின் தலையிலேயே கட்டப்பட்டது. அதன் பின்னர் கழகம் ஈட்டிய வருமானத்தில் கணிசமான பங்கு வட்டிக்கே சென்றது. பெர்குசன் இருந்தவரை அவருடைய ஆற்றல் இக்குறையை மூடி மறைத்தது. அவர் போனதும் அது வெளியே தெரிந்தது. 2024 பெப்ரவரியில் சேர் ஜிம் ராட்கிளிஃப் நான்கில் ஒரு பங்கிற்குச் சற்று அதிகமான பங்குகளை வாங்கி உதைபந்தாட்ட நிர்வாகத்தைப் பொறுப்பேற்றார். தொடர்ந்து நூற்றுக்கணக்கான ஊழியர்கள் வேலையிழந்தனர். ஆயினும் மைதானத்தில் நிலைமை சீரடையவில்லை. 2024-25 பருவத்தில் அணி 42 புள்ளிகளை மட்டுமே பெற்று 15 ஆம் இடத்தில் முடிந்தது. பிரிமியர் லீக் ஆரம்பமான 1992 இலிருந்து அக்கழகம் கண்ட மிகத் தாழ்ந்த நிலை அதுவாகும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒவ்வொரு முகாமையாளருக்கும் ஒவ்வோர் ஆட்ட முறை இருக்கின்றது. ஒருவர் தமது முறைக்கு ஏற்றவாறு கேட்டு வாங்கிய வீரர்கள் அடுத்தவரின் முறைக்குப் பொருந்துவதில்லை. ஆனால் அவர்களுடைய ஒப்பந்தம் நான்கு, ஐந்து வருடங்களுக்கு நீடிக்கின்றது. டென் ஹாக்கிற்காக வாங்கப்பட்ட வீரர்களைக் கொண்டு, மூன்று மத்திய தற்காப்பு வீரர்களை நிறுத்தும் தமது முறையை அமோரிம் பருவத்தின் நடுவில் புகுத்த முனைந்தார். தையற்காரர் மாறும்போதெல்லாம் பழைய அளவில் வெட்டிய துணியையே புதியவரிடம் கொடுத்துவிட்டு, சட்டை பொருந்தவில்லை என்று அவரைக் கடிந்துகொள்வதற்கு ஒப்பானது இது.

வீரர்கள் விடயத்திலும் இதே கதைதான். கழகத்தின் சொந்தப் பயிற்சிக் கூடத்தில் வளர்ந்த ஸ்கொட் மக்டொமினேயை எதிரணி ரசிகர்கள் மாத்திரமன்றிச் சொந்த ரசிகர்களில் ஒரு சாராரும் பல காலமாகக் குறை கூறி வந்தனர். 2024 ஆகஸ்டில் அவர் இத்தாலியின் நாப்போலி கழகத்துக்கு விற்கப்பட்டார். முதற் பருவத்திலேயே நாப்போலி இத்தாலியச் சம்பியனானது. அந்த லீக்கின் மிகச் சிறந்த வீரராக மக்டொமினே தெரிவு செய்யப்பட்டார். கால்கள் மாறவில்லை, இடம் மாறியது.

அவரை ஏன் விற்றனர் என்பதும் அறியத்தக்கது. பிரிமியர் லீக்கின் அப்போதைய நிதி விதிகளின்படி மூன்று வருடங்களில் ஒரு கழகம் அடையக்கூடிய நட்டத்துக்கு வரம்பு இருந்தது. வெளியிலிருந்து வாங்கிய வீரரின் விலை அவரது ஒப்பந்த வருடங்களுக்குப் பிரித்துக் கணக்கில் எழுதப்படுகின்றது. எனவே அவரை விற்கும்போது எஞ்சிய தொகை கழிக்கப்படும். சொந்தமாக வளர்த்த வீரருக்கோ வாங்கிய விலை என்று எதுவுமில்லை. விற்ற தொகை முழுவதும் இலாபம். அதனால் வீட்டுப் பிள்ளையை விற்பதே கணக்கேட்டுக்கு நன்மை என்ற விபரீத நிலை தோன்றியுள்ளது. தேநீர்க் கடை விவாதத்தில் இக்கணக்கேடு பேசப்படுவதே இல்லை.

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோவில் ஆண்டி என்பார்கள். உதைபந்தாட்ட உலகில் அந்த ஆண்டியின் இடத்தில் நீண்ட காலம் நின்றவர் ஹரி மகுவாயர். 2019 இல் 80 மில்லியன் ஸ்டெர்லிங் பவுணுக்கு வாங்கப்பட்ட இத்தற்காப்பு வீரரின் தவறுகள் உலகெங்கும் நகைப்புக்குரியனவாயின. 2022 நவம்பரில் ஆபிரிக்காவின் கானா நாட்டு நாடாளுமன்றத்தில், ஐசாக் அடோங்கோ என்ற எதிர்க்கட்சி உறுப்பினர் தமது நாட்டின் உப ஜனாதிபதியை இகழ்வதற்கு மகுவாயரையே உவமையாக எடுத்தாண்டார். ஒரு வருடம் கழிந்தது. மகுவாயர் மீண்டும் திறமை காட்டினார். அதே உறுப்பினர் அதே சபையில் எழுந்து அவரிடம் மன்னிப்புக் கோரினார். மன்னிப்பை ஏற்றுக்கொள்வதாக மகுவாயரும் பதிலளித்தார். 2025 ஏப்ரலில் லியோன் அணிக்கு எதிரான ஐரோப்பா லீக் ஆட்டத்தின் இறுதிக் கணத்தில் தலையால் முட்டிக் கோல் போட்டு 5-4 என்று வெற்றி தேடித் தந்தவரும் இவரே. எள்ளி நகையாடியவர்களில் எத்தனை பேர் கானா நாட்டு உறுப்பினரைப் போன்று எழுந்து நின்றனர்?

எதிரணியின் துன்பத்தில் மகிழ்வோருக்கு விளையாட்டு விரைவில் பாடம் புகட்டுகின்றது. 2025 ஏப்ரலில் லிவர்பூல் கழகம் லீக் பட்டத்தை வென்றது. அந்தக் கோடையில் 400 மில்லியன் பவுணுக்கும் மேல் செலவிட்டுப் புதிய வீரர்களைச் சேர்த்தது. ஆனால் செப்டெம்பர் இறுதியிலிருந்து நவம்பர் இறுதிவரை ஆடிய 12 ஆட்டங்களில் 9 இல் தோற்றது. யுனைட்டட்டைப் பார்த்துச் சிரித்தவர்களைப் பார்த்து யுனைட்டட் ரசிகர்கள் சிரித்தனர். முகாமையாளர் ஆர்னே ஸ்லொட்டை நீக்க வேண்டும் என்றும், மொஹமட் சலாஹ்வின் காலம் முடிந்துவிட்டது என்றும் குரல்கள் எழுந்தன. அந்த வருடம் ஜூலை 3 ஆம் திகதி அவ்வணியின் முன்கள வீரர் டியாகோ ஜோட்டா, திருமணமாகி இரு வாரங்கள் கூடக் கழியாத நிலையில், தமது சகோதரருடன் ஸ்பெயினில் வீதி விபத்தில் உயிரிழந்தார் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். உடை மாற்றும் அறையில் ஓர் இருக்கை வெறுமையாகிவிட்ட அணி அது. புள்ளிப் பட்டியலில் துயரத்துக்கென்று ஒரு நிரல் கிடையாது.

அப்படியாயின் எந்த முகாமையாளரையும் நீக்கவே கூடாதா? அவ்வாறு நாம் கூறவில்லை. பெர்குசன் முதற் கிண்ணத்தை வெல்ல 1990 வரை பொறுத்திருந்தனர். ஆர்சனல் கழகம் மிக்கெல் ஆர்டேட்டாவின் கீழ் இரு பருவங்கள் தொடர்ந்து எட்டாம் இடத்தில் முடிந்து, 2021 ஆகஸ்டில் முதல் மூன்று ஆட்டங்களிலும் ஒரு கோலும் போடாமல் தோற்றது. அப்போதும் அவரை வைத்துக்கொண்டது; 2022-23 முதல் மூன்று பருவங்கள் தொடர்ந்து இரண்டாம் இடம் பெற்றது. மறுபுறம், டொட்டன்ஹாம் கழகம் 2025 மே 21 ஆம் திகதி யுனைட்டட்டையே வென்று 17 வருடங்களின் பின் ஒரு கிண்ணத்தைக் கைப்பற்றிய போதிலும், லீக்கில் 17 ஆம் இடத்துக்குத் தாழ்ந்தமைக்காகத் தமது முகாமையாளரை 16 நாட்களில் நீக்கியது. பொறுமை எல்லா நோய்க்கும் மருந்தன்று. எதற்காகப் பொறுக்கின்றோம், எந்த வழியில் செல்கின்றோம் என்ற தெளிவு நிர்வாகத்திடம் இருந்தால் மாத்திரமே பொறுமை பயன் தரும். அத்தெளிவு இல்லாத இடத்தில் ஆளை மாற்றுவதும் வீண். மாற்றாமல் இருப்பதும் வீண்.

விமர்சனம் தவறன்று. ஆட்டத்தைக் குறை கூறலாம், தெரிவைக் குறை கூறலாம். ஆனால் ஆட்டத்திலிருந்து ஆளுக்கும், ஆளிலிருந்து அவனது நிறத்துக்கும் குலத்துக்கும் மதத்துக்கும் தாவும் பேச்சு விமர்சனமாகாது. 1994 உலகக் கிண்ணத்தில் தவறுதலாகத் தமது கோலுக்குள்ளேயே பந்தைச் செலுத்திய கொலம்பிய வீரர் அந்திரேஸ் எஸ்கோபார், நாடு திரும்பிய சில நாட்களில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2021 ஜூலையில் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் பெனால்டி உதையைத் தவறவிட்ட இங்கிலாந்தின் கறுப்பின வீரர்கள் மூவர் இனவெறி வசைகளுக்கு ஆளாகினர்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கோல் போட்டதும் தரையில் நெற்றி பதித்து சுஜூத் செய்யும் சலாஹ் லிவர்பூலுக்கு வந்த பின்னர், அக்கழகம் அமைந்துள்ள மெர்சிசைட் பிரதேசத்தில் வெறுப்புக் குற்றங்கள் எதிர்பார்க்கப்பட்டதைவிட 16 வீதம் குறைந்திருந்ததாக ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஒரு விளையாட்டு வீரன் மீதான அன்பு, அவனைச் சார்ந்த சமூகத்தின் மீதான ஐயத்தையும் தணிக்க வல்லது என்பதே அந்த ஆய்வின் சாரம்.

எமது மண்ணுக்கு இது மிகவும் பொருந்தும். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூவினத்தவரும் கணிசமாக வாழும் மாவட்டம் திருகோணமலை. யுத்தமும் வன்செயல்களும் இம்மக்களை எத்தனை தடவை பிரித்தன என்பதை நாம் விபரிக்க வேண்டியதில்லை. தேர்தல் வந்தால் ஊர்கள் இன்றும் இனவாரியாகவே எண்ணப்படுகின்றன. ஆனால் சனிக்கிழமை இரவு தொலைக்காட்சி முன் பிரியும் அணிகளைப் பாருங்கள். உப்புவெளித் தமிழ் இளைஞனும் கிண்ணியா முஸ்லிம் இளைஞனும் லிவர்பூல் பக்கம் நிற்கின்றனர். அவர்களுடைய சொந்தச் சகோதரர்கள் யுனைட்டட் பக்கம். மச்சான் என்று அழைத்துக்கொண்டே ஒருவரையொருவர் வாரிவிடுகின்றனர். இனக்கோடு செல்லும் வழியில் செல்லாத ஒரு பிரிவினை இந்த ஊரில் இருக்குமானால், அது மிக அரியது, காப்பாற்றப்பட வேண்டியது. தோற்ற கோபத்தில் ஒருவன் வாயிலிருந்து விழும் ஓர் இனச்சொல், ஒரு மதச்சொல், அந்த அரிய பொருளை ஒரே இரவில் உடைத்துவிடும்.

இறுதியாக ஒன்று. மன்செஸ்டரின் நிர்வாகச் சீர்கேட்டை விரல் நுனியில் வைத்திருக்கும் எமது இளைஞர்கள், 1995 இல் தெற்காசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியின் நிலையையும் அதே அக்கறையுடன் நோக்க வேண்டும். எமது தேசியச் சம்மேளனத்தை மூன்றாம் தரப்புத் தலையீட்டின் காரணமாக 2023 ஜனவரியில் சர்வதேச சம்மேளனம் இடைநிறுத்தியது. அந்த ஆகஸ்டில்தான் தடை நீங்கியது. அதற்கு எந்தப் பயிற்றுவிப்பாளரும் எந்த வீரரும் காரணமல்லர். இருந்தும் அந்த மாதங்களில் சர்வதேசப் போட்டிகளில் ஆட முடியாமற் போனது வீரர்களுக்கே. அதே அணி 2024 செப்டெம்பரில் கம்போடியாவைப் பெனால்டி உதைகளில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாண் போட்டிகளின் அடுத்த சுற்றுக்கு முன்னேறியது. அவ்வெற்றியைக் கொண்டாடியோர் எத்தனை பேர்?

எதிரணி தோற்றால் சிரிப்பது ரசிகனின் உரிமை. அதை எவரும் பறிக்க வேண்டியதில்லை. சிரித்து முடிந்த பின்னர், தோற்றவன் யார் என்பதோடு நின்றுவிடாமல், ஏன் தோற்றான் என்றும் கேட்கப் பழகிக்கொள்ளட்டும். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த தலைமுறை, நாளை இந்த ஊரில் ஏதேனும் பிழைத்துப் போகும்போது, பக்கத்து வீட்டுக்காரனைச் சுட்டி விரல் நீட்டாது.