கதவிலேயே திருப்பி அனுப்பப்படும் மனுக்கள்

"சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போவேன்" என்று வரப்புத் தகராறுக்குக்கூடச் சொல்கிறோம். போகலாம்தான். ஆனால் வழக்கைக் கேட்பதா வேண்டாமா என்பதை அங்குள்ள நீதிபதிகள் முடிவு செய்வார்கள்.

கீழ் நீதிமன்றத்தில் விடுதலையானவருக்கு உயர் நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தால், மேல்முறையீடு அவர் உரிமை. இப்படிச் சில வகைகள் போக, மற்றவர்களுக்கு இருப்பது அரசியல் சட்டத்தின் 136ஆவது பிரிவு. மேல்முறையீடு செய்ய அனுமதி கேட்டு அதன்கீழ் போடுவதுதான் சிறப்பு அனுமதி மனு. பொதுவாக 90 நாள் கெடு.

புதிய மனுக்களைத் திங்கள், வெள்ளிகளில் கேட்பது நெடுநாள் வழக்கம். பெரும்பாலும் இரண்டு நீதிபதிகள் அமர்வார்கள். கோப்பை முன்பே படித்துவிட்டு வருவதால் பல மனுக்கள் சில நிமிடங்களில் முடிந்துவிடும். சாட்சியை நம்பியது தப்பு என்று மட்டும் வக்கீல் வாதாடினால் எடுபடாது. பெரிய சட்டக் கேள்வியோ, கண்ணை உறுத்தும் அநீதியோ இருக்க வேண்டும். அனுமதி கொடுக்கும் இந்த அதிகாரத்தை அரிதாகவே பயன்படுத்த வேண்டும் என்று 1950இலேயே பிரீதம் சிங் வழக்கில் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எது அரிது என்பதற்குத்தான் பட்டியல் கிடையாது. வரையறை தேவை என்று 2010இல் ஓர் அமர்வு கேட்டது. 2016இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதற்கு மறுத்துவிட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது பேரில் நால்வர் சம்மதித்தால் வழக்கை எடுத்துக்கொள்வார்கள். இங்கே மனு எந்த அமர்வுக்குப் போகிறது என்பதைப் பொறுத்து முடிவு மாறலாம். கடன் வாங்கி மதுரையிலிருந்து டெல்லிக்குப் போகிறவருக்கு இது நியாயமாக எனக்குப் படவில்லை.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காரணம் சொல்லாமல் அனுமதி மனுவைத் தள்ளுபடி செய்தால், உயர் நீதிமன்றத் தீர்ப்பு சரி என்று உச்ச நீதிமன்றம் முத்திரை குத்தியதாக ஆகாது. அந்தத் தீர்ப்பு அப்படியே நிற்கும், அவ்வளவுதான். அதன்மேல் உயர் நீதிமன்றத்திலேயே சீராய்வு கேட்க வழி உண்டு என்று 2000இல் குஞ்ஞயம்மது வழக்கில் தெளிவாக்கினார்கள். அனுமதி கொடுத்து, மேல்முறையீடாக விசாரித்த பிறகு தள்ளினால் அந்த வழி அடைபட்டுவிடும்.

ஆகவே உங்கள் மனு தள்ளுபடியானால் உடனே மனம் தளர்ந்துவிடாதீர்கள். உத்தரவு நகலை வாங்கி, அனுமதிக்கு முன்பா பின்பா, காரணம் ஏதும் எழுதியிருக்கிறதா என்று வக்கீலிடம் கேளுங்கள்.