டூட்டிங் காமனில் நாயுடன் உலாவுதல்: விதிகளும் காரணங்களும்

டூட்டிங் பெக் காமன் 1873 ஆம் ஆண்டிலும், டூட்டிங் கிரேவ்னி காமன் 1875 ஆம் ஆண்டிலும் பொதுமக்களின் பயன்பாட்டுக்காக வாங்கப்பட்டன. இன்று வாண்ட்ஸ்வொர்த் உள்ளூராட்சி மன்றத்தின் பொறுப்பிலுள்ள இந்நிலங்களுக்கு நாயுடன் வருவோரும், நாய்க்கு அஞ்சுவோரும், சிறுவர்களும் வருகின்றனர். பறவைகளும் பூச்சிகளும் இங்கேயே வாழ்கின்றன. அனைவருக்கும் இடமளிப்பதற்காகவே கீழ்வரும் விதிகள் உள்ளன.

கழிவை உடனே அகற்றுங்கள்

சாணத்தை எருவாகக் கண்டு பழகிய நம்மில் பலர், நாயின் கழிவும் மண்ணுக்கு நன்மையே என எண்ணக்கூடும். அது சரியன்று. நாயின் குடலில் வாழும் டொக்ஸோகாரா என்னும் புழுவின் முட்டைகள் கழிவுடன் வெளியேறுகின்றன. அவை தொற்றும் நிலையை அடைய ஏறத்தாழ இரண்டு, மூன்று வாரங்கள் ஆகும். பின்னர் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிருடன் இருக்கும். மண்ணில் விளையாடும் குழந்தையின் கை வழியே வயிற்றுக்குள் சென்றால், அரிதாகக் கண்பார்வையையே பாதிக்கலாம். கழிவை உடனே பையில் எடுத்துக் குப்பைத்தொட்டியில் இட்டால் இந்த ஆபத்து தொடக்கத்திலேயே நீங்கிவிடும். நாய்க்குத் தவறாமல் குடற்புழு மருந்து கொடுப்பதும் அவசியமாகும்.

காமனின் புல்வெளிகளில் ஒரு பகுதி அமிலத்தன்மையுள்ள, சத்துக் குறைந்த மண்ணில் வளர்வது. அரிய சிறு செடிகள் அங்கு வாழ்வதற்கு அந்த வறிய மண்ணே காரணம். பெல்ஜியத்தின் கென்ட் நகருக்கு அருகிலுள்ள இயற்கைக் காப்பிடங்களை ஆராய்ந்து 2022 இல் வெளியான ஆய்வு, நாய்களால் ஆண்டுதோறும் ஹெக்டேருக்குச் சராசரியாக 11 கிலோ நைட்ரஜனும் 5 கிலோ பாஸ்பரசும் மண்ணில் சேர்வதாகக் கணக்கிட்டது. இவ்வாறு உரமேறிய நிலத்தில் காஞ்சொறி போன்ற செடிகள் செழித்து, அரிய செடிகளை நெருக்கி அழித்துவிடும்.

ஏரியும் தெள்ளு மருந்தும்

நாயின் தோலில் இடப்படும் சில தெள்ளு மருந்துகளில் ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட் ஆகிய பூச்சிக்கொல்லிகள் உள்ளன. நாய் நீரில் இறங்கும்போது இவை கரைந்து நீர்ப்பூச்சிகளைக் கொல்லும். அவற்றை உண்டு வாழும் பறவைகளும் பாதிக்கப்படும். ஆகவே நாயை ஏரியில் இறங்க விடாதீர்கள். வசந்த காலத்தில் பறவைகள் கூடு கட்டும் கரையோரங்களில் கயிற்றில் பிடித்தே நடத்திச் செல்லுங்கள்.

சட்டம் கூறுவது

பொது இடத்தில் நாயின் கழுத்துப்பட்டையில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். எட்டு வார வயதுக்குள் நாய்க்கு மைக்ரோசிப் பொருத்துவது இங்கிலாந்தில் 2016 முதல் கட்டாயமாகும். 1991 ஆம் ஆண்டின் ஆபத்தான நாய்கள் சட்டத்தின்படி, நாய் கடித்தால் மட்டுமன்றி, அது காயப்படுத்திவிடும் என ஒருவர் தக்க காரணத்துடன் அஞ்சும் வகையில் கட்டுப்பாடின்றி நடந்துகொண்டாலும் உரிமையாளர் குற்றவாளியாவார். 'எங்கள் நாய் ஒன்றும் செய்யாது' என்னும் சொல் இங்கு உதவாது. நாய்களுக்கு அனுமதியில்லாத பகுதிகளை நுழைவாயில் அறிவிப்புப் பலகைகளில் காணலாம்.

நாய்க்கு அஞ்சுவோருக்கு

அறியாத நாய் நெருங்கினால் ஓடவோ கூச்சலிடவோ வேண்டாம்; ஓடுபவரைத் துரத்துவது நாயின் இயல்பு. கைகளை உடலோடு சேர்த்து, அதன் கண்களை நோக்காமல் அசையாது நில்லுங்கள். நாயை அழைத்துக்கொள்ளுமாறு உரிமையாளரிடம் தயங்காமல் கேளுங்கள். குழந்தைகளுக்கும் இதனைப் பழக்குங்கள்.

ரிச்மண்ட் பூங்காவுக்குச் செல்வோருக்கு

ரிச்மண்ட் பூங்காவில் மான்கள் சுதந்திரமாகத் திரிகின்றன. மே முதல் ஜூலை வரை குட்டிகள் பிறக்கும் காலத்தில் தாய் மான்கள் நாய்களைத் தாக்கக்கூடும். அக்காலத்தில் நாயைக் கயிற்றிலேயே வைத்திருக்க வேண்டும். மற்றைய மாதங்களிலும் மான்களிடமிருந்து விலகியே நடங்கள். புறப்படும் முன் கயிறு, போதிய பைகள், நாய்க்கான குடிநீர் ஆகிய மூன்றையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.