ஆடு தின்ற தழை யாருக்குப் போகிறது?

பெத்தாய் பெலாலாங் மரத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். சாலையோரத்திலும் சும்மா கிடக்கும் நிலத்திலும் தானாக முளைத்து நிற்கும். புளிய இலை போன்ற சின்னஞ்சிறு இலைகள், பஞ்சு உருண்டை போன்ற வெள்ளைப் பூக்கள், கொத்துக் கொத்தாகத் தொங்கும் தட்டையான காய்கள். தமிழ்நாட்டில் இதைச் சவுண்டல் என்றும் சூபாபுல் என்றும் சொல்வார்கள். இதன் சொந்த ஊர் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும்.

பால் ஆடு வளர்ப்பவருக்கு இது இலவச விருந்து. உலர்ந்த இலையின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு புரதம். ஆனால் அதே இலையில் மிமோசின் என்ற நச்சுப் பொருளும் இருக்கிறது. பழக்கமில்லாத விலங்கு இதை அதிகமாகத் தின்றால் முடி கொட்டும். மிமோசின் வயிற்றில் சிதையும்போது உண்டாகும் இன்னொரு பொருள் தைராய்டு சுரப்பியின் வேலையைக் கெடுக்கும். கழுத்து வீங்கும், உடல் மெலியும்.

ஆஸ்திரேலியாவில் கால்நடைகளுக்கு இந்தத் தொல்லை இருந்தது. ஹவாய் தீவில் உள்ள ஆடுகளோ இதே தழையைத் தின்றுவிட்டு நலமாகத் திரிந்தன! ஏன்? சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்னும் ஆஸ்திரேலிய ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ரேமண்ட் ஜோன்ஸ் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். ஹவாய் ஆட்டின் வயிற்றிலுள்ள நுண்ணுயிரிகள்தாம் நச்சை முறிக்கின்றன என்பது அவருடைய ஊகம். 1980களின் தொடக்கத்தில் அந்த ஆட்டின் வயிற்று நுண்ணுயிரிகளை எடுத்துவந்து ஆஸ்திரேலிய ஆடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஊகம் பலித்தது. பிறகு மாடுகளுக்கும் கொடுத்தார்கள். நச்சை முறிக்கும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, 1992இல் சினெர்ஜிஸ்டெஸ் ஜோன்சியை என்று பெயரிட்டார்கள். பெயரின் பின்பாதியில் இருப்பவர் அந்த ஜோன்ஸ்தான்.

ஆடும் மாறவில்லை, இலையும் மாறவில்லை. வயிற்றுக்குள் குடியிருப்பவர்கள் மட்டும் மாறினார்கள். மூலிகைத் தீவனம் பற்றி யார் பேசினாலும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்கு நாம் போடும் தழை முதலில் போய்ச் சேர்வது ஆட்டிடம் அல்ல, அதன் வயிற்றிலுள்ள நுண்ணுயிரிகளிடம்.

ஆட்டின் இரைப்பையில் நான்கு அறைகள் உண்டு. முதல் அறைதான் மிகப் பெரியது. வெதுவெதுப்பான, காற்றில்லாத ஒரு பானை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள நீரில் ஒரு மில்லிலிட்டர் எடுத்தால் அதில் ஆயிரம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கும். தழையிலுள்ள நாரைச் செரிக்க ஆட்டுக்குத் தெரியாது. இவைதாம் அதை நொதிக்கவைத்து அமிலங்களாக மாற்றுகின்றன. ஆட்டுக்குத் தேவையான ஆற்றலில் பெரும்பகுதி அந்த அமிலங்களிலிருந்துதான் கிடைக்கிறது. அவற்றில் ஒன்று நமக்குத் தெரிந்த காடிதான்: அசிட்டிக் அமிலம். பாலில் உள்ள கொழுப்பு உருவாக அது மூலப்பொருள். ஆகவே நார் செரிக்கும் பாக்டீரியாக்கள் நலிந்தால் பாலும் நீர்த்துப் போகும்.

நான்காவது அறையில் கதை வேறு. அது நம் வயிறு போலவே கடும் அமிலம் சுரக்கும் இடம். அங்கேதான் ஆட்டின் பெரிய எதிரி ஒளிந்திருக்கிறது: ஹீமான்கஸ் என்ற இரத்தம் உறிஞ்சும் புழு. நீளம் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். ஒரு புழு ஒரு நாளில் உறிஞ்சும் இரத்தம் சுமார் 0.05 மில்லிலிட்டர். பூ, இவ்வளவுதானா என்கிறீர்களா? ஆயிரம் புழுக்கள் இருந்தால் 50 மில்லிலிட்டர். 30 கிலோ எடையுள்ள ஆட்டின் உடலில் மொத்தமே இரண்டு லிட்டர் அளவு இரத்தம்தான். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பெண் புழு நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். முட்டைகள் சாணத்தோடு வெளியே வந்து, பொரித்து, குஞ்சுப் புழுக்கள் ஈரப் புல்லில் ஏறி அடுத்த ஆட்டுக்காகக் காத்திருக்கும். ஆண்டு முழுதும் வெயிலும் மழையும் உள்ள நம் மலேசியா இதற்கு அருமையான இடம். போதாததற்கு, ஒரே குடற்புழு மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்ததால் அதற்கு அசையாத புழுக்கள் பல நாடுகளில் பெருகிவிட்டன, இங்கும்தான். மூலிகை பக்கம் பலர் திரும்பிப் பார்ப்பதற்கு இது ஒரு காரணம். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி முதல், வளர்ச்சியைத் தூண்டுவதற்காகத் தீவனத்தில் நுண்ணுயிர்க்கொல்லி சேர்ப்பதைத் தடை செய்தது இன்னொரு காரணம்.

இங்கே துவர்ப்பு உதவிக்கு வருகிறது. வாழைப்பூவையோ கொய்யாப் பிஞ்சையோ கடித்தால் நாக்கு இழுக்கிறதல்லவா? அதற்குக் காரணம் டேனின் என்ற பொருள். அது உங்கள் எச்சிலிலுள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆட்டின் முதல் அறையிலும் அப்படித்தான்: தழையின் புரதத்தைக் கட்டிப்பிடித்து, பாக்டீரியாக்கள் தின்றுவிடாமல் காக்கிறது. நான்காவது அறையின் அமிலத்தில் பிடி தளர்கிறது. புரதம் ஆட்டுக்கே கிடைக்கிறது. புழுவை எதிர்க்க உடலுக்கு வலு வருகிறது. சில வகை டேனின்கள் புழுக்களையே நேரடியாகத் தாக்கி முட்டையைக் குறைப்பதும் தெரியவந்துள்ளது. உலர்த்திய மரவள்ளித் தழையை இதற்காக ஆடுகளுக்குக் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். பச்சையாக அள்ளிப் போட்டால் ஆபத்து, அதில் சயனைடு உண்டு. டேனினும் அளவு மிஞ்சினால் நாரைச் செரிக்கும் பாக்டீரியாக்களை முடக்கி, ஆட்டின் பசியையும் கெடுத்துவிடும்.

பூண்டு, கிராம்பு போன்றவற்றின் எண்ணெய்கள் கிருமிகளைக் கொல்லும் என்று பொட்டலங்களில் பெருமையாக அச்சடித்திருப்பார்கள். எந்தக் கிருமியை என்று கேளுங்கள். சோதனைக் குழாயில் வேலை செய்த எண்ணெய், ஆட்டின் வயிற்றில் சில வாரங்களிலேயே வலுவிழப்பதும் உண்டு. நுண்ணுயிரிகள் அதற்குப் பழகிவிடும். பால் ஆட்டுக்குப் பூண்டு போட்டால் இன்னொரு சிக்கலும் இருக்கிறது, பாலில் பூண்டு மணக்கும்!

அப்படியானால் ஒரு மூலிகை பலன் தருகிறதா என்று எப்படி அறிவது? ஒத்த வயதும் எடையும் உள்ள ஆடுகளை இரண்டு குழுக்களாகப் பிரிக்க வேண்டும். ஒரு குழுவுக்கு மட்டும் மூலிகை. மற்றபடி எல்லாம் ஒன்றே. பல வாரங்களுக்குச் சாணத்தை எடுத்து, கட்டம் போட்ட கண்ணாடிச் சில்லில் வைத்து, நுண்ணோக்கியில் புழு முட்டைகளை எண்ண வேண்டும். “பக்கத்து வீட்டு ஆட்டுக்குக் கொடுத்தேன், தேறிவிட்டது” என்பது சோதனையாகாது. அந்த ஆடு தானாகவே தேறியிருக்கலாம்.

உறவினர் வீட்டில் ஆடு இருந்தால், பெரியவர் ஒருவரை அதைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கீழ் இமையை மெல்ல இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் இதற்காகவே சிவப்பிலிருந்து வெள்ளை வரை ஐந்து நிறங்கள் கொண்ட ஓர் அட்டையை உருவாக்கினார்கள். இமை நல்ல சிவப்பாக இருந்தால் கவலை இல்லை. வெளுத்துப் போயிருந்தால் ஆடு இரத்தத்தை இழந்துகொண்டிருக்கலாம். அப்போது தழை தேடி அலைய நேரமில்லை, அன்றைக்கே கால்நடை மருத்துவரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.